அமராவதி அணை உங்கள் மானிட்டரில்!

காலையில் பேப்பர் வந்ததும் உடுமலைப்பேட்டை பக்கம் பலர் முதலில் தேடுவது அணை நிலவரத்தைத்தான். அமராவதி எத்தனை அடி? திருமூர்த்தி எத்தனை அடி? நீர்வரத்து எவ்வளவு? படித்துவிட்டு இரண்டு வார்த்தை பேசுவோம். பிறகு அந்தப் பேப்பர் பரணுக்குப் போகும். அங்கிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போகும். அத்துடன் அந்த எண்களும் போய்விடும்.

பத்து ஆண்டு கழித்து, "அந்தக் காலத்தில் அணை இப்படியா இருந்தது? தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று பேச்சு வரும். அது உண்மையா, நினைவு செய்யும் மயக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம், கையில் தேதி போட்ட கணக்கு இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று. அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்கு இதோ ஒரு நல்ல வேலை. ஒரு நீர்நிலையை விஞ்ஞானிகள் எப்படிக் கவனிக்கிறார்களோ, அதில் ஒரு பகுதியை உங்கள் வீட்டு மேஜையில் இருந்தபடியே செய்யலாம். தேவையான புரோகிராம்கள் எல்லாம் இலவசம்.

ஏரிக்கு ஒரு அறிவியல்

ஏரி, குளம், ஆறு, ஓடை ஆகிய நன்னீர்நிலைகளைப் பற்றிய அறிவியலுக்கு லிம்னாலஜி என்று பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபோரெல் என்பவர் ஜெனீவா ஏரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1892ல் தன் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். இத்துறை அங்கிருந்து வளர்ந்தது.

நம் அமராவதிக்கும் இதில் இடம் உண்டு. 1957ல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணைக்கு பாம்பாறு, தேனாறு, சின்னாறு ஆகியவை நீர் கொண்டு வருகின்றன. அணை கட்டி எட்டே ஆண்டுகளில், ஏ. ஸ்ரீனிவாசன் என்ற நன்னீர் உயிரியல் ஆய்வாளர் அமராவதி நீரின் தன்மை, அதன் உற்பத்தித் திறன் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை ஹைட்ரோபயாலஜியா என்ற சர்வதேச ஆய்விதழில் 1965ல் வெளியானது. மேட்டூர் அணை குறித்தும் அவர் ஆய்வு செய்திருக்கிறார்.

"உற்பத்தித் திறன்" என்றால் மின்சார உற்பத்தி என்று நினைத்துவிட வேண்டாம். நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வெயிலை வாங்கி உணவு தயாரிக்கின்றன. அதைச் சிறு உயிரிகள் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. மீனை முதலையும் மனிதனும் தின்கிறார்கள். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எவ்வளவு வேலை செய்கிறது என்பதே உற்பத்தித் திறன்.

இதை அளக்கும் பழைய முறை மிக எளிமையானது. ஒரே இடத்து நீரை இரண்டு பாட்டில்களில் பிடிக்க வேண்டும். ஒன்று கண்ணாடி பாட்டில். மற்றொன்று வெளிச்சமே புகாதபடி கறுப்பாக்கப்பட்டது. இரண்டையும் நீருக்குள் சில மணி நேரம் தொங்கவிட்டு எடுத்து, கரைந்துள்ள ஆக்ஸிஜனை அளக்க வேண்டும். வெளிச்சம் பட்ட பாட்டிலில் பாசி ஆக்ஸிஜனைத் தந்திருக்கும். கறுப்பு பாட்டிலில் உயிர்கள் சுவாசித்துச் செலவழித்திருக்கும். வித்தியாசத்தைப் பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

அன்று பரிசலில் போய்ப் பாட்டிலைத் தொங்கவிட்டுத்தான் ஏரியின் சேதி தெரிந்தது. இன்று சாட்டிலைட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டன. ஆனால் பாட்டிலுக்கு வேலை போய்விடவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதல் வேலை: எக்ஸெல்லில் ஒரு பைல்

எக்ஸெல் இருந்தால் அதைத் திறக்கவும். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை டவுண்லோட் செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் ஐந்து தலைப்புகள் கொடுக்கவும்: தேதி, நீர்மட்டம் (அடி), நீர்வரத்து (கன அடி), வெளியேற்றம் (கன அடி), குறிப்பு. பேப்பரில் வரும் எண்களைத் தினமும் இதில் பதியவும். இரண்டு நிமிட வேலைதான்.

இப்போது கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் வேலை கொடுப்போம். நீர்வரத்து 1,000 கன அடி என்றால், ஒரு விநாடிக்கு அவ்வளவு நீர் வருகிறது என்று பொருள். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். எனவே ஒரு நாளில் வரும் நீர் 86.4 மில்லியன் கன அடி. சுருக்கமாக, நீர்வரத்து எண்ணை 0.0864ஆல் பெருக்கினால் ஒரு நாள் வரவு மில்லியன் கன அடியில் கிடைத்துவிடும். இதை ஆறாவது பத்தியில் பார்முலாவாகக் கொடுத்து, செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா நாட்களுக்கும் கணக்கு போட்டுவிடும்.

அமராவதி அணையின் மொத்த உயரம் 90 அடி. கட்டப்பட்டபோது கொள்ளளவு 4 டி.எம்.சி.க்குச் சற்று மேல், அதாவது 4,047 மில்லியன் கன அடி. காலியான அணைக்கு தினமும் 1,000 கன அடி வீதம் நீர் வந்தால், வெளியே எதுவும் விடாமல் நிரம்ப ஏறத்தாழ 47 நாட்கள் ஆகும். திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 55 ஆயிரம் ஏக்கர் பாசனம் இந்த அணையை நம்பியிருக்கிறது என்பதால், இது விளையாட்டுக் கணக்கு அல்ல.

ஒரு மாதம் பதிந்த பின், தேதியையும் நீர்மட்டத்தையும் செலக்ட் செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் என்பதைக் கிளிக் செய்து லைன் வகையைத் தேர்ந்தெடுக்கவும். அணை மூச்சு விடுவதைப் போல ஏறி இறங்கும் கோடு திரையில் தெரியும்.

இரண்டாவது வேலை: கூகுள் எர்த்தில் அளவு எடுங்கள்

கூகுள் எர்த் ப்ரோ என்ற புரோகிராம் முன்பு கட்டணத்துக்கு விற்கப்பட்டது. 2015 முதல் இலவசம். இதை இன்ஸ்டால் செய்து, தேடும் கட்டத்தில் அமராவதி டேம், உடுமலைப்பேட்டை என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் இடையில் விரல்களை நீட்டிய கை போல நீர்த்தேக்கம் தெரியும்.

மேலே டூல்பாரில் கடிகாரம் போன்ற ஐகான் ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் ஒரு ஸ்லைடர் வரும். அதை இடப்பக்கம் நகர்த்தினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். நிறைந்த அணையையும் வறண்ட அணையையும் மாறி மாறிப் பார்க்கலாம்.

அடுத்து டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதைத் தேர்ந்தெடுத்து, பாலிகன் என்ற டேபைக் கிளிக் செய்யவும். நீரின் விளிம்பை ஒட்டி மவுஸால் கிளிக் செய்துகொண்டே ஒரு சுற்று வந்தால் பரப்பளவு திரையில் தோன்றும். முழுக்க நிரம்பிய அமராவதியின் பரப்பு சுமார் 9.3 சதுர கிலோமீட்டர். கொள்ளளவை இந்தப் பரப்பால் வகுத்துப் பார்த்தால், சராசரி ஆழம் சுமார் 40 அடி என்று வருகிறது.

மூன்றாவது வேலை: 1984க்குப் போகலாம்

அமெரிக்காவின் லேண்ட்சாட் சாட்டிலைட்டுகள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. இந்தப் படங்கள் 2008ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. ஐரோப்பிய விஞ்ஞானிகள் சுமார் 30 லட்சம் லேண்ட்சாட் படங்களைக் கம்ப்யூட்டர்களிடம் கொடுத்து, உலகில் எந்த இடத்தில், எந்த மாதத்தில் நீர் இருந்தது என்று கணக்கிட்டு 2016ல் வெளியிட்டார்கள். 1984க்கும் 2015க்கும் இடையில், ஆண்டு முழுவதும் நீர் நின்ற இடங்களில் ஏறக்குறைய 90 ஆயிரம் சதுர கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது. வேறு இடங்களில் 1,84,000 சதுர கிலோமீட்டர் புதிதாக உருவாகியிருந்தது. இதில் பெரும்பங்கு அமராவதி போன்ற அணைகள்தான்.

இந்த வரைபடத்தின் பெயர் குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர். கூகுளில் ஆங்கிலத்தில் இப்பெயரைக் கொடுத்தால் தளம் கிடைக்கும். உடுமலைக்கு ஜூம் செய்து பாருங்கள். எப்போதும் நீர் நிற்கும் இடம் கருநீலம். எப்போதாவது நிற்கும் இடம் வெளிறிய நிறம். திருமூர்த்தி அணையிலிருந்து தளி வாய்க்கால் வழியே நீர் பெறும் பெரியகுளம், செங்குளம், ஒட்டுக்குளம் முதலான ஏழு குளங்களையும் தேடிப் பாருங்கள். உங்கள் ஊர்க் குளத்தில் எந்தக் கரை முதலில் வற்றுகிறது என்று நிறமே சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை: லேண்ட்சாட் படத்தில் ஒரு பிக்ஸல் என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். அதைவிடச் சிறிய குட்டை இதில் தெரியாது.

நான்காவது வேலை: வண்டல் கணக்கு

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. ஒவ்வொரு வெள்ளமும் மலையிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து அணையில் படிய வைக்கிறது. வண்டல் ஏற ஏற அணை கொள்ளும் நீர் குறைகிறது. ஆனால் பேப்பரில் வரும் "80 அடி" என்ற எண் இதைக் காட்டாது. வண்டல் படிந்த அணையிலும் 80 அடி 80 அடிதான். அதற்குள் இருக்கும் தண்ணீர்தான் குறைவு.

இதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. நீர்வளத்துறை நிபுணர்களும் இதைக் கையாள்கிறார்கள். ஒரே நீர்மட்டம் உள்ள இரண்டு நாட்களை, பல ஆண்டு இடைவெளியில் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றன்று எடுத்த சாட்டிலைட் படங்களில் நீர்ப்பரப்பை அளக்க வேண்டும். அதே மட்டத்தில் பரப்பு சுருங்கியிருந்தால், அங்கே மண் ஏறியிருக்கிறது என்று பொருள்.

இரண்டு மட்டங்களுக்கு இடையே உள்ள நீரின் அளவையும் கணக்கிடலாம். உதாரணத்துக்கு (இவை கற்பனை எண்கள்), 70 அடியில் பரப்பு 6.5 சதுர கிலோமீட்டர், 80 அடியில் 8 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 7.25. பத்து அடி என்பது 3.048 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 22 மில்லியன் கன மீட்டர். அதாவது சுமார் 780 மில்லியன் கன அடி. பத்து ஆண்டு கழித்து இதே கணக்கைப் போட்டால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

இதற்குத் தேவையான படங்கள் கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் கிடைக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட்டுகள் 2015 முதல் படம் எடுத்து வருகின்றன. இப்போது சுமார் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வருகின்றன. இதில் ஒரு பிக்ஸல் 10 மீட்டர். அதாவது இரண்டரை சென்ட் மட்டுமே. காலண்டரில் தேதியைத் தேர்ந்தெடுத்து, மேகம் குறைவாக உள்ள நாளாகப் பார்த்து எடுக்கவும். தென்மேற்குப் பருவ மாதங்களில் மேகம் மறைக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தெளிவான படங்கள் அதிகம் கிடைக்கும்.

தரப்படும் லேயர்களில் என்.டி.டபிள்யூ.ஐ. என்பதைக் கிளிக் செய்யவும். நீர் அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடும். மண்ணும் செடியும் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை வைத்து நீரை மட்டும் தனியே பிரித்துக் காட்டுவதே இந்த லேயரின் வேலை. ஆகாயத்தாமரை மூடிய நீர்ப்பரப்பு இதில் தரை போலத் தெரியும், ஏமாந்துவிட வேண்டாம். எனவே ட்ரூ கலர் லேயரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரே ஒரு ஜோடிப் படத்தை வைத்து, "அணை தூர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டவும் கூடாது. கரை நெடுகிலும் அரை பிக்ஸல் தவறினாலே பரப்பு மாறிவிடும். பல படங்களை அளந்து சராசரி எடுப்பதே முறை. மேலும், சாட்டிலைட் எடுத்த காலத்தில் எந்த மட்டத்துக்குக் கீழே அணை இறங்கவில்லையோ, அதற்கு அடியில் உள்ள வண்டல் இதில் தெரியாது. அதற்குப் படகில் எக்கோ சவுண்டர் கருவியைக் கொண்டு போய்த்தான் அளக்க வேண்டும்.

பச்சை நிறம் சொல்வது என்ன?

ட்ரூ கலர் படத்தில் நீர் சில மாதங்களில் பழுப்பாகவும் சில மாதங்களில் பச்சையாகவும் தெரியலாம். பழுப்பு என்றால் வெள்ளம் கொண்டுவந்த மண். பச்சை என்றால் பெரும்பாலும் பாசி.

பாசி ஏன் பெருகுகிறது? கனடாவில் ஏரிகளையே ஆய்வுக்கூடமாகப் பயன்படுத்தும் நிலையம் ஒன்று 1968ல் தொடங்கப்பட்டது. அங்கு டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973ல் ஒரு சோதனை செய்தனர். 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தனர். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேல் என்றானது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்த ஒரு போட்டோ, சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரும் பலம் சேர்த்தது.

நம் ஊரில் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? வயலுக்கு இடும் டி.ஏ.பி., வீட்டுச் சாக்கடை, சலவைத் தூள். பச்சை நீரில் பகலில் ஆக்ஸிஜன் ஏராளமாக இருக்கும். இரவில் அதே பாசி ஆக்ஸிஜனைச் செலவழிக்கும். விடியற்காலையில் குளத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சும் உண்டாக்கும். அந்த நஞ்சு தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது.

படத்தில் தெரியாதவை

இப்போது பாட்டிலுக்கு வருவோம். கோப்பர்னிகஸ் பிரவுசரில் ஒரத்துப்பாளையம் அணையைத் தேடுங்கள். நொய்யல் ஆற்றின் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கியதால் அந்த நீரை விவசாயிகள் பயன்படுத்த முடியாமல் போனது. வழக்குகள் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆனால் சாட்டிலைட் படத்தைப் பொறுத்தவரை அதுவும் ஒரு நீலநிற நீர்ப்பரப்பு, அவ்வளவுதான். நீரில் கரைந்த உப்பு படத்தில் தெரியாது. உப்பு ஏறியதை முதலில் உணர்ந்தது பயிரும் மாடும் கிணறும்தான்.

ஆழத்தில் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்பதும் தெரியாது. எந்த மீன் வாழ்கிறது என்பதும் தெரியாது. நாம் ஜிலேபி கெண்டை என்று சொல்லும் திலாப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். 1952ல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அமராவதி மீன் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான். அது பெருகிய இடங்களில் நாட்டு மீன்கள் பின்வாங்கியதை எந்தச் சாட்டிலைட்டும் பதிவு செய்யவில்லை. மலை ஓடைகளில் கல்லுக்கு அடியில் வாழும் மேஃப்ளை போன்ற பூச்சிகளின் குஞ்சுகள் அழுக்கு நீரில் தாங்காது. எனவே கல்லைப் புரட்டிப் பூச்சியை எண்ணுவதே ஓடையின் சுத்தத்தை அறியும் வழியாக இன்றும் பல நாடுகளில் இருக்கிறது.

பழைய சி.டி.யில் ஒரு கருவி

நீங்களும் ஓர் அளவு எடுக்கலாம். இத்தாலியைச் சேர்ந்த செக்கி என்ற விஞ்ஞானி 1865ல் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். இன்றும் ஏரி ஆய்வாளர்கள் பயன்படுத்துவது இதைத்தான். ஆய்வாளர்களின் தட்டு 20 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இருக்கும்.

வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய சி.டி. 12 சென்டிமீட்டர். அதை நான்கு கால்பங்காகப் பிரித்து கறுப்பு, வெள்ளை பெயின்ட் மாற்றி மாற்றி அடியுங்கள். நடுத் துளையில் கயிறு கோத்து, கீழே கனத்துக்கு இரும்பு நட்டுகள் கட்டுங்கள். கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. தட்டு மறையும் ஆழத்தைக் குறித்து எக்ஸெல் பைலில் பதியவும். அளவு சிறியது என்பதால் ஆய்வாளர்களின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே இடம், ஒரே நேரம் என்பது முக்கியம்.

இதை அமராவதி அணையில் முயல வேண்டாம். அங்கு முதலைகள் வாழ்கின்றன. அனுமதியின்றி நீர்ப்பகுதிக்குள் செல்லவும் கூடாது. ஊர்க் குளத்தின் படித்துறை, தோட்டத்துக் கிணறு போதும். சிறுவர்கள் பெரியவர்கள் துணையோடு மட்டுமே செய்ய வேண்டும்.

பைலைப் பத்திரப்படுத்துங்கள்

கடைசியாக ஒரு கம்ப்யூட்டர் பாடம். சேமிக்கும் படங்களுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் கொடுக்கவும். அப்போதுதான் போல்டரில் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். குறிப்புப் பத்தியில், "தளி வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள்", "நீர் பச்சை", "நேற்று மழை" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க் போனால் பத்து ஆண்டு உழைப்பும் போய்விடும்.

1965ல் ஒருவர் அமராவதி நீரை அளந்து எழுதி வைத்ததால்தான் அன்றைய அமராவதி எப்படி இருந்தது என்று இன்று பேச முடிகிறது. இன்றைய அணையும் குளமும் எப்படி இருந்தன என்று நாளை ஒருவர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல ஒரு எக்ஸெல் பைல் போதும். நாளைக் காலைப் பேப்பரிலிருந்து முதல் வரியைப் பதிந்துவிடுங்கள்.